வாடகை மட்டும் இனிக்கிறதா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் இருக்கும் தடா, சத்தியவேடு, வரதையபாளையம் பக்கமெல்லாம் வெளிமாநிலத்துக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள், அவர்களால்தான் வாடகை ஏறிவிட்டது, பஸ்ஸில் ஏற முடியவில்லை, ஊர் ஊராகவே இல்லை என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்ததைப் படித்தேன். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சத்தியவேட்டில் பிறந்து அங்கேயே குடியிருப்பவன், வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடகை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயமாகப் பேசலாம். ஒடிசாவிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்குகிறவன் வாடகையை ஏற்றுவானா? ஏற்றியது யார் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கணக்கைப் பச்சையாகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீட்டு அறை ஒன்றை உள்ளூர்க் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 4,000 ரூபாய். அதே அறையை எட்டுப் பையன்களுக்குத் தலைக்கு 1,500 என்று விட்டால் 12,000. சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், குழாய் ஒழுகினால் உடனே ஓட வேண்டாம், ஏனென்றால் கேட்க அவர்களுக்கு மொழி தெரியாது. கரண்டுக்குத் தனி மீட்டர் கிடையாது, வீட்டுக்காரர் சொல்வதுதான் யூனிட் விலை, அது மின்வாரியம் வாங்குவதைவிட எப்போதும் கூடத்தான் இருக்கும். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். இப்படி வாங்கிய காசில் மேலே இன்னொரு மாடி கட்டிவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து 'இந்திக்காரப் பசங்க வந்து ஊரே நாறுது' என்று பேசுகிறோம். எங்கள் வீட்டு மாடியிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள், அதனால் இதைத் தூரத்தில் நின்று சொல்லவில்லை.

வெளியூர் ஆள் நமக்குப் புதிதும் இல்லை. 1971-லேயே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட ஆரம்பித்துவிட்டார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இன்னும் எங்கிருந்தெல்லாமோ விஞ்ஞானிகளும் டெக்னீஷியன்களும் வந்து சூளூர்ப்பேட்டையில் குடியேறினார்கள், இந்த ஐம்பது வருஷத்தில் அவர்களைப் பார்த்து 'எங்கிருந்தோ வந்தவர்கள்' என்று யாராவது முகம் சுளித்து நான் கேட்டதில்லை. ஷார் (ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம்) ஆபீசர் என்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுவோம். மலையாளம் கலந்த தெலுங்கில் அவர்கள் பேசினால் அது நமக்கு அழகாக இருந்தது. இன்றைக்கும் ஸ்ரீசிட்டிக்கு வரும் ஜப்பான்காரருக்கும் கொரியாக்காரருக்கும் பேசத் தெரியாத பாஷையில் சிரித்துச் சிரித்து வழி சொல்கிறோம். ஜார்க்கண்ட் பையன் வழி கேட்டால் மட்டும் நமக்கு மொழிப் பிரச்சினை வந்துவிடுகிறது. ஆக, நாம் ஆளைப் பிரித்துப் பார்ப்பது மாநிலத்தை வைத்து இல்லை, சம்பளச் சீட்டை வைத்துத்தான். (ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட ஏனாதிப் பழங்குடிகள் அசல் உள்ளூர்க்காரர்கள், அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.)

அந்த வாசகர் 'மண்ணின் மைந்தர்' என்று வேறு எழுதியிருந்தார். சரி, எந்த மண்? சத்தியவேடு பகுதி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் சென்னை மாநிலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. எல்லையை மாற்றும் சட்டம் 1959-ல் நிறைவேறி, திருத்தணி அந்தப் பக்கம் போக, நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். என் தாத்தா வீட்டை விட்டு நகரவே இல்லை, மாநிலம்தான் அவரைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். தெலுங்குக்காரர் கோபம் வந்தால் எங்களை 'அரவவாள்ளு' (தமிழர்கள்) என்பார், தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டை தாண்டினால் நாங்களே 'கொல்டி' (தெலுங்கர்). இதற்கெல்லாம் நாங்கள் பெரிதாக வருத்தப்படுவதில்லை, கல்யாணம் காட்சி இரண்டு பக்கமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு இன்னொருவனைப் பார்த்து 'நீ வெளியாள்' என்று சொல்லும்போது கொஞ்சமாவது கூச்சம் வர வேண்டாமா?

ஒரே மொழி பேசினால் இந்தச் சண்டை வராது என்று நினைப்பவர்களுக்கு ஆந்திராவின் கதையே பதில். தெலுங்கு பேசும் கடலோரக்காரர்கள் ஹைதராபாத்தில் வந்து வேலைகளைப் பிடிக்கிறார்கள் என்றுதான் தெலங்கானாவில் 1952-லும் 1969-லும் கலவரம் நடந்தது. 1972-ல் முல்கி விதிகள் (அங்கே அரசு வேலை உள்ளூர்க்காரருக்கே என்ற பழைய விதிகள்) செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பக்கம் 'ஜெய் ஆந்திரா' என்று கிளம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆறு அம்சத் திட்டம், அரசியல் சட்டத்தில் சேர்த்த 371டி, எல்லாம் தெலுங்கருக்கும் தெலுங்கருக்கும் நடுவே 'லோக்கல்' யார் என்று பிரித்து வைக்க வந்தவைதான். இன்றைக்கும் ஒரு பிள்ளை கல்லூரி இடத்துக்கு லோக்கல் ஆக வேண்டுமென்றால், இன்டர் (பிளஸ் டூ) முடிக்கும் வருஷம் வரை தொடர்ந்து 4 ஆண்டு இந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழி. சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் அப்பாக்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பையனைப் பத்தாவது வரை கும்மிடிப்பூண்டியில் படிக்க வைத்துவிட்டு, இன்டருக்கு மட்டும் இங்கே சேர்த்துவிட்டு, கவுன்சிலிங் நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள். ஒன்பதாவதிலேயே சேர்த்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் காசு செலவில்லை.

2019-ல் தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை ஆந்திராக்காரர்களுக்கே என்று இங்கே சட்டமும் போட்டார்கள். (அரியானாவில் இதே மாதிரி கொண்டுவந்த சட்டத்தை 2023-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.) நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அதில் தப்பே இல்லை, நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளூர்ப் பையன் வேண்டாம் என்று விட்டுப்போகும் வேலையைத்தான் பெரும்பாலும் வடக்கத்திப் பையன் செய்கிறான். மூட்டை தூக்குவது, கம்பி கட்டுவது, கொதிகலன் பக்கம் நிற்பது, அதுவும் மேஸ்திரி மூலமாக, பி.எஃப். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல். ஒடிசாவிலிருந்து ஏஜென்ட்டுகள் வெளிமாநிலங்களுக்குக் கூட்டிப்போன 'தாதன்' தொழிலாளிகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே வந்தது, காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும், இடம்பெயர்வதற்கும் பயணத்துக்கும் படி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் படியை வாங்கிய ஒரு பையனையும் நான் பார்த்ததில்லை. அவன் நம் வேலையைப் பறித்தான் என்று சொல்வதைவிட, அவனுக்குக் குறைத்துக் கொடுத்து நம் கூலியையும் சேர்த்துக் குறைத்தது மேஸ்திரி என்று சொன்னால் பொருந்தும். ஆனால் மேஸ்திரி நம்ம ஊர் ஆள், அவரிடம் யார் கேட்பது.

எனக்கு அதிகக் கோபம் வருவது இந்தத் திருட்டுப் பேச்சில்தான். எங்காவது ஒரு மோட்டார் காணாமல் போனால், போலீஸ் வருவதற்கு முன்பே நாலு பேர் லைன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். தமிழர்களான நாம் இதைச் செய்யலாமா? 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். அவர்களில் சிலரைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. கையில் பையும் லுங்கியுமாகத் தமிழ் பேசிக்கொண்டு நாலு பேர் சேர்ந்து திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தால் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்த காலம் அது, எங்கள் ஊர் ஆட்களே ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. செய்தி பொய்தான். ஆனால் அவ்வளவு பேர் அதை உடனே நம்பினார்களே, அதற்கு நாம் அன்றாடம் பேசுகிற பேச்சும் ஒரு காரணமாக இருக்காதா?

ஊர்க்காரர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் நடந்தே கிளம்பியவர்கள் இந்த நெடுஞ்சாலையில்தான் போனார்கள். தடாவிலிருந்து நாயுடுபேட்டை வரை ரோட்டோரத்தில் மோரும் புளிசாதமும் கொடுத்தவர்கள் நம் ஜனங்கள்தான், செருப்பு வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. இன்றைக்கும் பாருங்கள், மளிகைக் கடைக்காரர் கடுகெண்ணெய் பாட்டிலை முன் வரிசையில் அடுக்கியிருக்கிறார், மெஸ் வைத்திருக்கும் அம்மா இட்லிக்கு நடுவே சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டு, 'கித்னா சாஹியே பா' என்று பாதி தமிழில் கேட்கிறார். வியாபாரம்தான், இருந்தாலும் அவர் அந்தப் பையன்களின் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்கிறார். வழியோடு போகிறவனுக்கு மோர் கொடுத்த அதே ஊர், தங்க வந்தவனிடம் மீட்டர் கணக்கு பார்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வந்தவர்கள் பக்கமும் குறை உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். பான் போட்டுச் சுவரெல்லாம் துப்புவது, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கர், குப்பையை அப்படியே சாக்கடையில் கொட்டுவது. கோபம் வரத்தான் செய்யும். குப்பை விஷயத்தில் மட்டும் ஒன்று: அந்தச் சந்துக்குள் பஞ்சாயத்து டிராக்டர் வருவதே இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, வார்டு மெம்பர் எட்டிப் பார்க்க என்ன அவசியம்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக எதுவும் வேண்டாம், வீடு விடுகிறவர்கள் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். இங்கே அது இல்லாததால்தான் பாதித் தொல்லை. முகவரிச் சான்று இல்லாமல் முழு கேஸ் கனெக்‌ஷன் வாங்கப் போனால் அலைய வேண்டியிருக்கிறது, அதனால் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டரைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள், அதுவும் முடியாதவர்கள் அறைக்குள்ளேயே விறகு எரிக்கிறார்கள், அப்புறம் சுவர் கறுத்துவிட்டது என்று நாம் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்கிறோம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு கேஸ் கனெக்‌ஷன் தரும் உஜ்வாலா திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2021-லிருந்து, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பெண்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தாலே போதும், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் என்பதால் பீகார்க் கார்டுக்கும் ஒடிசாக் கார்டுக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான அரிசி இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம், 'உன் ஊரில் போய் வாங்கு' என்று திருப்பி அனுப்பினால் அது தப்பு. பள்ளியிலும் அப்படித்தான், வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஒப்பந்தம் எழுதினால் வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடும், வீட்டு வரி ஏறும், தலைக்கணக்கு வெளிவரும், அதனால்தான் எழுத மறுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். எங்கள் மாடியில் இருப்பவர்களுக்கு 11 மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், முத்திரைத்தாளும் டைப் அடிக்கும் கூலியும் தவிர வேறு செலவு ஆகவில்லை. அடுத்த முறை வாடகை ஏறிவிட்டது என்று யாராவது உங்களுக்குக் கடிதம் எழுதினால், அவர் வீட்டை எத்தனை பேருக்கு, தலைக்கு எவ்வளவு என்று விட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி வெளியிடுங்கள் ஆசிரியரே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்தியவேடு, திருப்பதி மாவட்டம்