விடையோடு நிறுத்தாமல் விளக்கமும் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வாசகசாலையில், கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த குறுக்கெழுத்து வகுப்பு நல்லபடியாக நிறைவு பெற்றிருக்கிறது. ஆங்கில நாளிதழில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தை எப்படி அவிழ்ப்பது, அவிழ்த்ததை அடுத்தவருக்கு எப்படி விளக்குவது என்பதுதான் பாடம். நடத்தியவர் என்று அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. பெயர் போடாமலே தோள் கொடுத்தவர்கள் பலர். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

எல்லோருக்கும் முன்னால் டீச்சரை வணங்குகிறேன். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கிரிப்டிக் குறிப்பு என்றால் என்னவென்று எனக்கே விளங்க வைத்தவர் அவர். பெரும்பாலும் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று, விடையின் நேர்ப்பொருள். அது வாக்கியத்தின் தலையிலோ வாலிலோதான் நிற்கும், நடுவில் வராது. மற்றது, அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் வழி. எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்லும், ஒரு சொல்லை இன்னொன்றுக்குள் செருகச் சொல்லும், முதலெழுத்தை வெட்டச் சொல்லும், திருப்பி வாசிக்கச் சொல்லும். இரண்டு வழியாகப் போனாலும் ஒரே சொல்லில் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் அது விடை.

நாளிதழ் மறுநாள் நிரப்பிய கட்டத்தை மட்டும் அச்சிடும். ஏன் அந்தச் சொல் என்பதற்கு அங்கே இடமில்லை. புதிதாக வருபவர்கள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். விடை தெரிந்த பிறகும் புரியாமல் நிற்பதைப் போன்ற சோர்வு வேறு கிடையாது. டீச்சர் அந்த இடைவெளியை நிரப்பினார். நகலெடுத்த ஒவ்வொரு தாளிலும் நேர்ப்பொருளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு இடுவார். மீதியைச் சாய்கோடுகளால் துண்டு துண்டாகப் பிரிப்பார். ஓரத்தில் ஒரு வரி விளக்கம். குத்துமதிப்பாக எழுதிய விடை சரியாகவே இருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஏன் என்று சொல், பிறகு எழுது" என்பார். எங்கள் வகுப்புக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அவர் பயிற்சிக்கு எழுதிய ஒரு குறிப்பு: 'ஐதர்' (either) ஒன்றை இழந்தால் 'நம்பர்' (number). ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து விடை. ரோமன் எண்ணில் ஒன்று என்பது 'ஐ' (I). 'ஐதர்' என்ற சொல்லிலிருந்து அந்த 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டால் 'ஈதர்' (ether) கிடைக்கும். அதுவரை பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆனால் ஈதர் எப்படி நம்பர் ஆகும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த செவிலியர் அக்கா, வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஈதர் மயக்க மருந்து இல்லையா? உணர்வு மரத்துப்போகச் செய்வதற்கு ஆங்கிலத்தில் 'நம்' (numb) என்போம். அப்படிச் செய்வது 'நம்மர்'. எழுதும்போது எழுத்து ஒன்றுதான்." வகுப்பே அவர் பக்கம் திரும்பியது. அடுத்த வாரம் முதல் அவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா, ஆஸ்பத்திரி வாழ்க்கையில் நீங்கள் சேர்த்த சொற்களெல்லாம் எங்களுக்குப் பெரிய கொடை.

தமிழிலும் இப்படிக் குறிப்பு எழுதலாமே என்று தொடங்கியபோது வகுப்பு இன்னும் களைகட்டியது. தமிழில் உயிர்மெய் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், எழுத்தைக் கலைத்துப் போடும் வித்தை ஆங்கிலத்தில் ஓடுகிற அளவுக்கு இங்கே ஓடாது. தலையை வெட்டுவதும் ஒளித்து வைப்பதும் நமக்குக் கைவந்தவை என்பது என் எண்ணம். 'தகுந்த கலை தலையிழந்து பத்மநாபபுரம் அருகே (4)' என்று கரும்பலகையில் எழுதினேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கலையின் தலை போனால் லை, முன்னால் தக்க. தக்கலை என்று உடனே சொல்லிவிட்டார்கள். அடுத்தது அவ்வளவு எளிதில் மசியவில்லை: 'தோளின் தொடக்கத்தில் மீன் ஏறினால் பூ மணக்கும் ஊர் (3)'. முதலெழுத்து தோ. மேலே நகரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்கார அக்காவின் குரல் கேட்டது. பிள்ளைகள் ஓடிப்போய் இன்று என்னென்ன மீன் என்று கேட்க, அவர் சாளை, நெத்திலி, அயிலை, வாளை என்று வரிசையாகச் சொன்னார். வாளை என்றதும் ஒரு சிறுமி கத்தினாள்: "தோவாளை!" எதற்கு இந்த ஆரவாரம் என்று அக்கா கேட்டார். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, அவள் சொன்ன விளக்கத்தை முழுவதும் கேட்ட பிறகுதான் புறப்பட்டார். வியாபார நேரத்தில் அப்படி நின்று கேட்டதற்கு அக்காவுக்கு என் நன்றி.

நாளிதழ் ஏஜெண்ட் அண்ணாச்சி விற்காமல் மிஞ்சிய பிரதிகளிலிருந்து குறுக்கெழுத்துப் பக்கத்தை எடுத்துத் தனிக் கட்டாகக் கட்டி வைத்தார். மழை நாளில் பாலித்தீன் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. ஜெராக்ஸ் கடைத் தம்பி கட்டங்களைப் பெரிதாக்கித் தந்தார். கறுப்புக் கட்டங்களின் மை பரவி எண்கள் மறைந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, மறுபடி எடுத்துக் கொடுத்தார். வாசகசாலைப் பொறுப்பாளர் விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்தார். குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பஸ் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த பெற்றோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று ஒரு பையன் கேட்டதற்குப் பதில் தேடித் தந்தவர் வாசகசாலைக்கு நாள்தோறும் வரும் பாட்டா. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்து வைர வடிவில் இருந்தது. அதில் நேரடிக் குறிப்புகள்தாம். பூடகமாக எழுதும் வழக்கம் பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டன் டைம்ஸ் 1930-இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. இதையெல்லாம் பழைய களஞ்சியங்களில் தேடி எடுத்து, கையால் எழுதிக் கொண்டுவந்தார்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. குளச்சல் மாணவி ஒருத்தி தானாக எழுதிய குறிப்பை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்: 'எங்குமரியவளுக்குள் இருக்கும் கன்னி (3)'. எங்கும் அரியவள் என்று பிரித்து வாசித்தால் கண்ணில் படாது. சேர்த்து எழுதினால் நடுவில் குமரி உட்கார்ந்திருக்கிறாள். நேர்ப்பொருள் கடைசிச் சொல்லில் இருக்கிறது. வீணான சொல் ஒன்றுகூட இல்லை. டீச்சர் அந்தத் தாளில் அடிக்கோடு இட்டு, "விளக்கம் நீயே எழுது" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் எழுதினாள்.

டீச்சர் விளக்கம் எழுதிய தாள்கள் அனைத்தும் கோப்பாக வாசகசாலையில் இருக்கின்றன. யாரும் வந்து பார்க்கலாம், நகலெடுத்துக்கொள்ளலாம். காலாண்டு விடுமுறையில் மீண்டும் வகுப்பு உண்டு. பயன்படாமல் வீட்டில் கிடக்கும் ஆங்கில அகராதிகளைத் தர முடிந்தவர்கள் அதற்கு முன்பாகப் பொறுப்பாளரிடம் சேர்த்துவிட வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
குறுக்கெழுத்து வகுப்பின் சார்பில்,
நாகர்கோவில்