தாண்டிக்குடியில் காபிக்குக் கரியமில வாயு கள ஆய்வு வேண்டி மனு

அனுப்புநர்
கீழ்ப்பழனி மலைக் காபி சாகுபடியாளர்கள்,
தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைச் செயல் அலுவலர் மற்றும் செயலாளர் அவர்கள்,
காபி வாரியம், பெங்களூரு.

பொருள்: காற்றில் கூடிவரும் கரியமில வாயுவுக்குக் காபிச் செடி காட்டும் மாற்றங்களை நிழல் தோட்டத்தில் அளந்து, உர, நிழல் பரிந்துரைகளைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளவீடு தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. செடிக்கு அதுதானே சாப்பாடு, இனி நிழல் மரத்தைக் கழித்துவிட்டால் மகசூல் கூடும் என்ற பேச்சு மலையில் பரவுகிறது. இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அளந்து சொல்ல வாரியத்தால்தான் முடியும் என்பதால் இம்மனு.

உண்மையான பாதி இது: காபி இலையின் துளைகள் அதிகம் திறப்பதில்லை, உள்ளே போன வாயுவும் பச்சையத்தை எட்டத் திணறுகிறது. ஆகவே வெளியே வாயு கூடினால் ஒளிச்சேர்க்கை கூடுகிறது. பிரேசிலின் ஜாகுவாரியூனாவில் எம்ப்ராப்பா என்ற அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2011 முதல் திறந்தவெளியில் சுமார் 550 பங்கு வரை வாயுவை உயர்த்திப் பார்த்தபோது வளர்ச்சியும் விளைச்சலும் கூடின. வளர்ப்பறைச் சோதனைகளில் 700 பங்கு வாயு, பகல் 37, இரவு 30 டிகிரி வரை இலையைத் தாங்கிப் பிடித்தது. பகல் 42 டிகிரியில் அந்தத் தாங்கலும் போதவில்லை.

ஆனால் இவை இலைக் கணக்கு. நமக்குக் காசு காயில். பூவை விரியவைக்கும் பூ மழை தவறி, மொட்டு வெப்பத்தில் காய்ந்தால், பூ விரியாமல் பச்சை நட்சத்திரம்போல் நின்று உதிரும். அதற்கு இலையின் கூடுதல் மாவுச்சத்து உதவாது. ஜாகுவாரியூனா செடிகள் நின்றதோ வெயிலில். சில்வர் ஓக், முள்முருங்கை நிழலில் வெளிச்சமே மட்டாக இருக்கும்போது அதே பலன் கிடைக்கும் என்று யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாது. சரி, நிழலைக் கழிப்போம் என்றால், வெள்ளைத் தண்டுத்துளைப்பான் காத்திருக்கிறது. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் அந்த வண்டு முட்டையிட விரும்பும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அது பறக்கும் காலம்.

எனவே தாண்டிக்குடியிலுள்ள தங்கள் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில், காய்ப்புக்கு வந்த செலக்‌ஷன் 795, சந்திரகிரி ஆகிய காபி ரகச் செடிகளில் கள ஆய்வு தொடங்க வேண்டுகிறோம். தொட்டிச் செடி வேண்டாம். வேர் சுருண்டதும் ஒளிச்சேர்க்கை தானே தளர்ந்து, வாயுவின் பலன் தீர்ந்ததுபோல் பொய்க்கணக்கு வரும். வாயுவைத் தேக்கச் செடியைச் சுற்றித் திறந்த கூரைக் கூண்டு வைத்தால் உள்ளே வெப்பம் கூடும், காற்று குறையும். ஆகவே வாயு விடாத அதே அளவு வெறுங்கூண்டும், கூண்டே இல்லாத செடிகளும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இரவில் வாயு விடுவது வீண். பனிமூட்டத்தில் வாயு அளக்கும் கருவி தடுமாறும் என்பதால் மாதம் ஒருமுறை, அளவு தெரிந்த தர வாயு கொண்டு சரிபார்க்க வேண்டும். மண்ணும் சருகும் மூச்சுவிடுவதால் விடியற்காலையில் செடியடியில் வாயு இயல்பாகவே கூடியிருக்கும். அடி, நடு, நுனி மூன்று உயரத்திலும் அளக்காமல் போனால் ஆய்வே தடம் புரளும். காபி ஒரு வருடம் கொட்டி மறுவருடம் ஓயும் பயிர், அதனால் நான்கு அறுவடைக்குக் குறைவாக முடிவு சொல்ல வேண்டாம்.

உரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாயு கூடிய இலையில் மாவுச்சத்து சேர்வதால் தழைச்சத்து விழுக்காடு குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து யூரியாவைக் கூட்டினால் செலவுதான் கூடும், இலையும் கொழுத்துப் பூச்சிக்கு விருந்தாகும். காய்க்கும் கிளை நுனியிலிருந்து மூன்றாம், நான்காம் ஜோடி இலைகளை எடுத்து, சத்து விழுக்காட்டோடு இலைப் பரப்புக்கான எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையில் சத்துப் பற்றாக்குறையா, மாவுச்சத்து சேர்ந்து நீர்த்துப்போனதா என்று தெரியும். இரும்பு, மெக்னீசியம் முதலியவற்றையும் அப்படியே பார்க்க வேண்டும்.

கூண்டுகள் அமைய நாளாகும் என்றால், முதலில் நிழலடர்ந்த ஒரு தோட்டத்திலும் நிழல் கழித்த ஒரு தோட்டத்திலும் வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், வாயு ஆகியவற்றை மணிக்கொரு முறை பதியும் கருவிகளை நிறுவித் தரலாம். இடமும், கருவியைப் பார்த்துக்கொள்ள ஆளும் எங்கள் பொறுப்பு. முடிவு வரும்வரை, கரியமில வாயுவைக் காரணம் காட்டி நிழல் மரம் கழிக்க வேண்டாம் என்று தமிழில் ஒரு சுற்றறிக்கை, வரும் கவாத்துக்கு முன் எங்களுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலைக் காபி சாகுபடியாளர்கள்