கை மடங்கியது வேறு, அழுகை வேறு

தஞ்சாவூர்
வியாழக்கிழமை

அன்புள்ள கலா,

உன் மெயில் நேற்று ராத்திரி வந்தது. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பிரித்துப் பிரித்துப் படி, ஒரே மூச்சில் வேண்டாம். மூச்சு விஷயத்தில் இந்த வாரம் நீ பட்டது போதும்.

உன் பெரிய பயத்துக்கு முதலில் பதில்: நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வேக மூச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் உனக்குக் கை மடங்கியது, அழுகை வந்தது என்று இரண்டு சமாச்சாரம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபதாவது நிமிஷம் வாக்கில் உதடு மரத்து, விரல் நுனியெல்லாம் ஊசி குத்தி, பிறகு இரண்டு மணிக்கட்டும் தானாக மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். நடத்தியவர் அதைப் பார்த்து, 'நீங்கள் அடக்கி வைத்த கோபம் கைக்கு வந்திருக்கிறது' என்றாராம். கோபமுமில்லை ஒன்றுமில்லை. அது கால்சியம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 16 மூச்சு விடுவோம், ஒவ்வொன்றிலும் சுமார் அரை லிட்டர் காற்று. நீ வாயைத் திறந்துகொண்டு, இழுப்புக்கும் விடுவதற்கும் நடுவே இடைவெளியே இல்லாமல், அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் விட்டிருக்கிறாய். இதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. ஆரோக்கியமான ஆளுக்கு அது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கும். குறைவது கரியமில வாயு. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும்; இப்படி மூச்சு விட்டால் சில நிமிஷத்திலேயே 20 பக்கம் இறங்கிவிடும். ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும். அப்போது ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம், தனியாகத் திரிந்துகொண்டிருந்த கால்சியத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். நரம்பை அமைதியாக வைத்திருப்பது அந்தத் தனிக் கால்சியம்தான். அது குறைந்ததும் நரம்பு தானாகவே துடிக்கும், தசை இறுகும். பிள்ளைப்பேறு பார்க்கும்போது குவிந்து நீளும் கையைப் போலிருப்பதால் டாக்டர்கள் இதற்கு 'மருத்துவச்சி கை' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். மொத்தக் கால்சியம் குறையவில்லை, இடம்தான் மாறியது. அதனால் உன் நாத்தனார் வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரைக்கு இதில் வேலையில்லை.

மூளையின் ரத்தக் குழாய்களும் அதே நேரத்தில் சுருங்கும். ரத்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். வெளிச்சம் தெரிந்தது, உடம்பு எங்கோ தூரத்தில் கிடப்பதுபோல இருந்தது, நேரம் தெரியாமல் போனது, இதற்கெல்லாம் அதில் பெரிய பங்கு உண்டு. 'மூளைக்கு ஆக்சிஜன் வெள்ளமாகப் போகிறது' என்று மைக்கில் சொன்னார்களாமே, உண்மை அதற்கு நேர் தலைகீழ்.

அப்படியானால் எல்லாமே வெறும் ரசாயனமா என்று உடனே கோபித்துக்கொள்ளாதே. அழுகை உன்னுடையது. 2021 மே மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். நீ முகம் பார்க்கவில்லை, மாரில் அடித்துக்கொண்டு அழ நாலு பேர்கூடப் பக்கத்தில் இல்லை. காவல் கொஞ்சம் தளர்ந்த நேரத்தில் அது வெளியே வந்திருக்கிறது. மூச்சு அதை உண்டாக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டது. கைக்கு அர்த்தம் தேடாதே, அழுகையைக் கெமிக்கல் என்று தள்ளாதே.

இந்த முறைக்கு ஒரு மூலம் இருக்கிறது. பிராகாவில் பிறந்த மனநல மருத்துவர் ஸ்தானிஸ்லாவ் கிரோஃப் முதலில் எல்எஸ்டி என்ற, மாயக் காட்சி காட்டும் மருந்தை வைத்து ஆராய்ந்தவர். அந்த மருந்துக்குத் தடை வந்தபின் 1970களின் நடுவில், கலிபோர்னியாவின் எசலென் மையத்தில், மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து மூச்சையும் இசையையும் வைத்து இதை உருவாக்கினார். ஹோலோட்ரோபிக் மூச்சு முறை என்பார்கள். அதில் ஒருவர் படுத்து மூச்சு விட்டால், இன்னொருவர் கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் வட்டத்துக்குள் படம் வரையச் சொல்வார்கள். பிறகு சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள். உடம்பில் இறுக்கம் மிச்சமிருந்தால் அது அடங்கும்வரை ஆளை அனுப்ப மாட்டார்கள். நீ போன இடத்தில் நாற்பது பேருக்கு இரண்டு உதவியாளர்கள், முடிந்த இருபதாவது நிமிஷம் டீயும் பிஸ்கட்டும், அப்புறம் பஸ். முன்பாதியை மட்டும் நடத்திவிட்டுப் பின்பாதியை உன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நீ செய்யப்போவது அந்தப் பின்பாதி.

(நடுவில் ஒன்று. 'இதெல்லாம் நம் சித்தர்கள் சொன்னதுதான்' என்றார்களாம். திருமூலர் கணக்கு 16 மாத்திரை இழு, 64 நிறுத்து, 32 விடு. ஒரு சுற்றுக்கு 112 மாத்திரை (மாத்திரை என்பது இங்கே கண்ணிமைக்கும் நேர அளவு). அது மூச்சைக் குறைக்கும் வழி, இது கூட்டும் வழி. துருத்தி மாதிரி மூச்சு விடும் பஸ்திரிகா வேகமானதுதான், ஆனால் அதிலும் ஒரு சுற்று சில பத்து மூச்சோடு நின்றுவிடும். இரண்டரை மணி நேரம் யாரும் செய்யச் சொல்லவில்லை.)

இப்போது உடம்பு. விலா, கழுத்தோரம், தோள்பட்டை வலிப்பது தசை வலி. மூச்சுக்கென்று இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் என்றைக்கும் செய்யாத வேலையைச் செய்திருக்கின்றன. முதல் மூன்று நாள் அதிகமாக இருக்கும், பிறகு இறங்கும். வெந்நீர் ஒத்தடம் போதும். அழுத்தினால் வலிக்கிறது, திரும்பிப் படுத்தால் வலிக்கிறது என்றால் தசைதான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியில்லாமல் நெஞ்சு நடுவில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று குத்தி மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடு. 'ரிலீஸ் ஆகிறது' என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காராதே.

சாயங்காலம் சாயங்காலம் விரல் மறுபடி மரக்கிறது என்றாயே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கரியமில வாயு ஒரு மணி நேரத்துக்குள் சரியாகியிருக்கும். புதன்கிழமை மரப்புக்கு அதன்மேல் பழி போட முடியாது. பெரும்பாலும் நீ தெரியாமலே இன்னும் கொஞ்சம் அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய். அழுதவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் இது சகஜம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: நீ டிவி பார்க்கும்போது, உன்னிடம் சொல்லாமல், மகளை ஒரு நிமிஷம் உன் தோளைப் பார்த்து எண்ணச் சொல். (இதைப் படித்துவிட்டாய் என்பதால் இன்றைக்கு வேண்டாம், அவளே ஒரு நாள் எண்ணட்டும்.) 20க்கு மேல் போனால், அல்லது ஓரிரு நிமிஷத்துக்கு ஒரு பெருமூச்சோ கொட்டாவியோ வந்தால் அதுதான் காரணம். எண்ணிக்கை சரியாக இருந்தும் மரப்பு ஒரு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டு. சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய வயசுதானே நமக்கு.

சரிசெய்ய ஒரே பயிற்சி. நாற்காலியில் உட்கார், பாதம் தரையில், வாய் மூடியிருக்கட்டும். மூக்கால் 4 எண்ணும்வரை இழு, 6 எண்ணும்வரை விடு. நடுவில் நிறுத்த வேண்டாம். காலை ஐந்து நிமிஷம், படுக்கும் முன் ஐந்து நிமிஷம், அவ்வளவே. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான்: மெதுவாக என்றதும் ஆழமாக என்று எடுத்துக்கொண்டு மார்பு விரிய இழுப்பார்கள். எண்ணிக்கை குறைந்து அளவு கூடினால் கரியமில வாயு அதே மாதிரி வெளியேறும், தலை சுற்றும். சின்ன மூச்சு. மூக்கின் கீழே விரலை வைத்தால் காற்று படுவது லேசாகத்தான் தெரிய வேண்டும், தோள் அசையக் கூடாது. இன்னும் கொஞ்சம் காற்று கிடைத்தால் தேவலையே என்று மெல்லியதாக ஒரு ஏக்கம் இருந்தால் அளவு சரி. அது பதற்றமாக மாறினால் விட்டுவிட்டு எழுந்து நட. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். அதில் ஆக்சிஜனும் குறையும். நிஜமாகவே நெஞ்சுக் கோளாறாக இருந்தால் ஆபத்து.

கபாலபாதி, பஸ்திரிகா, நீ செவ்வாய்தோறும் போகும் வகுப்பின் வேக மூச்சு, எல்லாவற்றுக்கும் மூன்று வாரம் லீவு. காலைக் காபி ஒரு டம்ளரோடு நிற்கட்டும், அதையும் பாதி டிகாக்‌ஷனாகப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு; பசியில்லை என்றாலும் கஞ்சி, உப்புப் போட்ட நீர்மோர், ரசம் சாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றாயே, அது வரும்போது உள்ளே உற்றுப் பார்க்காதே. 'இருக்கிறதா, போய்விட்டதா' என்று சோதிக்கச் சோதிக்க நீளும். கையில் கனமும் ஈரமும் படும் வேலையாகப் பார்த்துச் செய்: பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய், வெறுங்காலோடு மொட்டைமாடியில் துணி உலர்த்து. தியானம் இப்போதைக்கு உதவாது.

எழுதுவது உதவும், ஆனால் அதற்கும் அளவு உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனசை உலுக்கிய விஷயத்தைத் தினம் 15 நிமிஷம் வீதம் நாலு நாள் எழுத வைத்தார். எழுதி முடித்த உடனே மனசு கனத்தது, மாதக்கணக்கில் பார்த்தபோது நன்மை தெரிந்தது. நீயும் அதே அளவில் செய். போனில் டைமர் வை, அடித்ததும் மூடு. நாலு நாளும் அப்பாவைப் பற்றி மட்டும். ராத்திரி பத்துக்கு மேல் எழுதாதே, தூக்கம் கெடும்.

அடுத்து, அன்றைக்கு மூச்சு விடும்போது உனக்குத் தோன்றியதாக எழுதிய காட்சி: அந்தப் பச்சைக் கதவு, மாமா குரல், வாயைப் பொத்திய கை. மெயிலாகப் போனதால், இதை நீ எழுதிய கையெழுத்தைப் பார்க்க முடியவில்லையே என்றிருந்தது. கலா, அது நடந்தது என்றும் நான் சொல்லவில்லை, நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இந்த நிலையில் தோன்றிய காட்சி எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது, அவ்வளவுதான். நினைவைப் பற்றி ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயசில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லி 24 பேரிடம் கேட்டார்கள். 6 பேர் முழுசாகவோ பாதியாகவோ 'ஆமாம், நினைவிருக்கிறது' என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதனால் இந்த ஞாயிறு அம்மாவிடம் போய்க் கேட்கப்போகிறேன் என்பதை நிறுத்து. பார்த்ததைத் தேதி போட்டுக் குறித்துக்கொள், அதற்கு மேல் கதை சேர்க்காதே. அதை எடுத்துக்கொண்டு தகுதியுள்ள ஒரு மனநல ஆலோசகரிடம் போ. உன் நினைவைத் தோண்டி எடுத்துத் தருகிறேன் என்று முதல் நாளே சொல்பவராக இருந்தால் வேறு ஆளைப் பார்.

வேலையை விடப்போகிறேன் என்றாயே, அது பற்றி: ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொள், தப்பில்லை. ஆறு வாரம் அலமாரியில் கிடக்கட்டும். அந்த ஆறு வாரம் என் கணக்குத்தான், எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் இப்படிப்பட்ட சமயத்தில் எடுத்த பல முடிவுகள் மூன்றாவது வாரத்திலேயே சாயம் போய்விடும். ஆறாவது வாரமும் நிற்பது நிஜமாக உன் முடிவாக இருக்கும். மனசு லேசாகிவிட்டது என்று தைராய்டு மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ விட்டுவிடாதே.

இதை மட்டும் உன் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டு, ஏனென்றால் வந்தால் உனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். மூன்று ராத்திரி நாலு மணி நேரம்கூடத் தூங்காமல், அப்படியும் களைப்பே இல்லாமல், பேச்சு ஓயாமல், பணம் தண்ணீராகச் செலவாகி, உனக்கென்று தனி ஒரு தெய்வக் கட்டளை இருப்பதாகத் தோன்றினால். யாரும் இல்லாமல் குரல் கேட்டால். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால். இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மனநல டாக்டர். நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. அழுகையும் கனவும் இந்தக் கணக்கில் வராது, அவை நாளுக்கு நாள் இடைவெளி விட்டுக் குறைந்தால் சரி.

கடைசியாக, 'பாதி திறந்து நிற்கிறீர்கள், அடுத்த வாரமே இரண்டாவது செஷன் வந்தால்தான் முழுமை' என்று அந்த இடத்துக்காரர்கள் உனக்கு அனுப்பிய மெசேஜ். திறந்து நிற்கிறது என்பது சரி. அதற்காக இன்னொரு தடவை கதவை உடைப்பார்களா? அப்படியே போவதானாலும் மாதக்கணக்கு ஆகட்டும். போகுமுன் இரண்டு கேள்வி கேள்: ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் இருப்பாரா, மறுவாரம் யார் போன் எடுப்பார். கர்ப்பம், இதய நோய், வலிப்பு, கிளாக்கோமா என்ற கண் நோய், பைபோலார் என்ற மனநிலை ஏற்ற இறக்க நோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை இவற்றை அவர்களாகவே விசாரிக்காமல் பணத்தை மட்டும் வாங்கினால் திரும்பி வந்துவிடு. இந்தத் தடவை அப்படி யாரும் உன்னிடம் கேட்கவில்லை என்பதை உன் மெயிலிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மகளின் பிராக்டிகல் எப்படிப் போனது என்று எழுதவில்லையே. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கூப்பிடு. அதுவரை அவர்கள் நடத்தும் பயிற்சியாளர் கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டிவிடாதேடி.

அன்புடன்,
வசந்தி