கன்னி மூலையைப் பார்க்கிறோம், மேற்குச் சுவரைப் பார்ப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வார இறுதி இணைப்பில் வரும் அடுக்குமாடி விளம்பரங்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். இளைய மகளுக்கு மதுரையில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீச்சல் குளம், ஜிம், மாடுலர் கிச்சன், நூறு சதவீத வாஸ்து எல்லாம் இருக்கிறது. வெளிச்சுவர் எதனால் கட்டியது, மொட்டை மாடித் தளத்துக்கு மேல் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தே காலம் தள்ளிய எனக்கு முதலில் உறுத்துவது இதுதான்.

ஒரே கட்டடம், ஒரே அளவு வீடு, இரண்டிலும் நாலு பேர் குடும்பம். கோடைக் கணக்கு எடுக்கப் போனால் நடுமாடி வீட்டில் 350 யூனிட் ஓடியிருக்கும். மேல்மாடி மேற்கு மூலை வீட்டில் 600-ஐத் தொடும். "மீட்டர் வேகமா ஓடுது சார், மாத்திக் குடுங்க" என்று அந்த வீட்டுக்காரர் கேட்காத வருஷம் இல்லை. மீட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை வந்து நிற்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். மேற்கு வெயிலோ தாழ்ந்து வருவது, சன்ஷேடுக்கு அடங்காது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் அந்தச் சுவரில் கை வைத்தால் சுடும். ஏ.சி. மல்லுக்கட்டுவது அந்தச் சுவரோடும் தளத்தோடும்தான். இதில் வாஸ்துக்காரர்கள் மாஸ்டர் பெட்ரூமைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்கிறார்கள். சாயங்காலம் கொதிக்கிற மேற்குச் சுவர் உள்ள மூலை அது. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அந்த மூலைச் சுவரையாவது சரியாகக் கட்டலாமே.

யூனிட் கூடினால் அதற்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு மதில். அதைத் தாண்டினால் 501-ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல் என்பது ஒரு பக்கம். 101 முதல் 200 வரை ஏறக்குறைய பாதி விலையில் கிடைத்துவந்த சலுகையும் சேர்ந்து போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி, 560 யூனிட் ஓடும் வீடு 450-க்கு இறங்கினால் இரண்டு மாத பில்லில் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். அந்த 110 யூனிட்டை இறக்குவது பெரிய வித்தையும் இல்லை. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட்டில் சுற்றும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். நாலு ஃபேன் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவரையும் தளத்தையும் குடிபோன பிறகு மாற்ற முடியாது. புது வீடு வாங்குகிறவருக்கு இருக்கிற பெரிய வசதியே அதுதான்: கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்கலாம். ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல், செங்கல்லைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். (பூச்சு வேலை தெரியாத ஆள் கையில் கொடுத்தால் வெடிப்பு விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) தளத்துக்கு மேல் வெப்பத்தடுப்புப் பலகை, அதன் மேல் வெள்ளை டைல்ஸ். அப்புறம் எதிரெதிர் ஜன்னல். இதற்கெல்லாம் கட்டுகிறபோது ஆகும் செலவை, இருபது வருஷம் கட்டப்போகும் கரன்ட் பில்லோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

லிஃப்ட் உள்ள குடியிருப்பு என்றால் பொது மீட்டரையும் விசாரியுங்கள். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில்தான் ஓடும். அதற்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மொட்டை மாடியில் சோலார் பலகைக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று புக்கிங்குக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த ஓரிடத்தில் மாடி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் கோபுரமும்தான்.

கேட்டால் விற்பனைப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் கேட்பதில்லை. விதி இல்லாமலும் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் கொடுக்கிற அதே பி.இ.இ. (மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு) 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் வெளிச்சுவர், ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. 2019-இல் வீடுகளுக்கே ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் திட்டமும் வந்தது. விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டதால் யாரும் வாய் திறப்பதில்லை. இருபதாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜில் ஸ்டார் இல்லாவிட்டால் கடையில் விற்க முடியாது. அறுபது லட்ச ரூபாய் வீட்டை அப்படியே விற்கலாம்.

வீட்டு விளம்பரத்தில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் போட்டாக வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கட்டடத்தின் ஸ்டாரையும் போட வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிடலாம். அதுவரை உங்கள் விளம்பரப் பிரிவினர் கட்டுநர்களிடம் "வெளிச்சுவர் என்ன, தளத்துக்கு மேல் என்ன" என்று கேட்டு வாங்கி இரண்டு வரி சேர்த்தால் போதும். வாஸ்து வரியைக் கூட எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியக் கணக்கீட்டாளர்,
பொன்மேனி, மதுரை.