வஷ்டியில் கைவிடப்பட்டவர்கள்: ஸ்டார் ட்ரெக் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டார் ட்ரெக் தொடர்களைத் தயாரிப்போருக்கும் அவற்றின் கதைகளை எழுதுவோருக்கும்,

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து வணக்கத்துடன் எழுதுகிறேன். 1968 ஆம் ஆண்டு உங்கள் முதல் விண்வெளித் தொடர் நிறுத்தப்படும் நிலையில் இருந்தபோது பார்வையாளர்கள் எழுதிய கடிதங்கள் தொலைக்காட்சி நிறுவனத்தில் வந்து குவிந்தன என்பதையும், அதன் பிறகே மூன்றாவது பருவம் உறுதியானது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கத்தை நம்பியே இந்த மடலை எழுதுகிறேன். 2020 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' தொடரின் முதற்பருவம் எங்களில் பலருக்குத் தந்த ஏமாற்றத்தைப் பற்றியது இது. காலம் கடந்த முறைப்பாடு என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் அதற்குப் பின்னர் நீங்கள் எடுத்த தொடர்களைப் பார்க்கும்போது, எங்கள் முறைப்பாடு வேறொன்றாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

1990களின் நடுப்பகுதியில் எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு டெக் இருந்தது. லண்டனில் இருந்த என் மாமா, பிபிசியில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற உங்கள் தொடர் ஒளிபரப்பாகும்போது அதைப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவர்களிடம் வீடியோ கசெட்டுகளாகக் கொடுத்தனுப்புவார். கொழும்பிலிருந்து அவை எங்கள் வீடு வந்து சேர்வதற்குள், அவற்றில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் விளக்க வேண்டியிருக்கும். மின்சாரம் இருக்கும் இரவுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் இருந்து பார்த்தோம். ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. ஆயினும், ஒரு காட்சியை விளங்கிக்கொள்ள மொழி தேவைப்படவில்லை. ஆபத்து வந்ததும் கப்டன் பிக்கார்ட் தன் அதிகாரிகளை ஒரு மேசையைச் சுற்றி இருத்துவார், ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்வார்கள், கீழ்நிலையில் இருப்பவர் மறுத்துப் பேசினாலும் அவர் முழுவதையும் கேட்பார், அதன் பின்னரே முடிவெடுப்பார். எங்களைப் பற்றிய முடிவுகளையெல்லாம் எங்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்த ஊரில், பதினான்கு வயதில் நான் கண்ட மிகப் பெரிய விஞ்ஞானப் புனைவு அந்த மேசைதான். விண்கலத்தின் வேகம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தது.

இதைச் சொல்வதால், நாங்கள் இனிமையான கதைகளை மட்டுமே கேட்கிறோம் என்று எண்ண வேண்டாம். இருள் உங்கள் தொடர்களுக்குப் புதியதல்ல. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வரும் பஜோர், ஐம்பது ஆண்டு ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்ட உலகம். அதன் நாயகியரில் ஒருவரான கிரா, ஆயுதம் ஏந்திப் போராடியவர். 1993 ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'டூயட்' என்ற பகுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொடிய வதைமுகாம் ஒன்றின் தளபதி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பஜோரை ஆக்கிரமித்திருந்த கார்டாசிய இனத்தவர் ஒருவர் கிராவிடம் பிடிபடுகிறார். உண்மையில் அவர் அந்த முகாமில் கோப்புகளைப் பராமரித்த எழுதுவினைஞர். நடந்ததைத் தடுக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அழுத மனிதர். தன் இனம் தான் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, தளபதியின் பெயரில் தான் தண்டிக்கப்பட வேண்டும் என்று வந்திருக்கிறார். கிரா அவரை விடுவிக்கிறார். அடுத்த நிமிடமே ஒரு பஜோரியன் அவரைக் குத்திக் கொன்றுவிட்டு, கார்டாசியன் என்பதே போதிய காரணம் என்கிறான். இல்லை, போதாது என்கிறார் கிரா. அத்தோடு அந்தப் பகுதி முடிகிறது.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, பாதைகள் சற்றுத் திறந்த நாட்களில், காத்தான்குடியைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் இருந்து அந்தப் பகுதியைப் பார்த்தேன். பள்ளிவாசல்களில் தொழுதவர்கள் கொல்லப்பட்ட 1990 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தை அவருடைய குடும்பம் மறக்காது. மட்டக்களப்பில் தமிழர்கள் கொல்லப்பட்ட அதே ஆண்டின் செப்டம்பர் மாதத்தை என் குடும்பம் மறக்காது. இந்த இரண்டு மாதங்களையும் பற்றி நாங்கள் அதுவரை ஒருவரோடொருவர் பேசியதில்லை. டெக் நின்ற பிறகு நீண்ட நேரம் இருவரும் எழும்பவில்லை. பிறகு அவர், "மச்சான், எங்கட வாப்பாவைப் பற்றி உனக்கு நான் ஒருநாளும் சொல்லல்லியே" என்று தொடங்கினார். விடியும்வரை பேசினோம். அமெரிக்காவில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில், அதிகச் செலவில்லாமல், பெரும்பாலும் ஒரே சிறை அறைக்குள் எடுக்கப்பட்ட ஒரு கதை எங்கள் இருவருக்கும் செய்த காரியம் இது. அந்தக் கதையின் இருளுக்கு ஒரு வேலை இருந்தது. பார்ப்பவரை அது ஒரு கேள்வியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

அதே தொடரின் தளபதி சிஸ்கோ, ரோமியுலன்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தவரைப் போருக்குள் இழுப்பதற்காகப் பொய்ச் சான்றுக்கும் ஒரு கொலைக்கும் உடந்தையாகிறார். 1998 இல் வந்த அந்தப் பகுதி முழுவதும் அவர் தன் பதிவேட்டுக்குச் சொல்லும் வாக்குமூலமாகவே அமைந்திருக்கிறது. முடிவில் அந்தப் பதிவை அவரே அழிக்கிறார். செய்த தவறின் பாரம் அவருடைய முகத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். நாங்கள் எதிர்பார்ப்பது அந்தப் பாரத்தைத்தான்.

'பிக்கார்ட்' அறிவிக்கப்பட்டபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கை பெரியது. அதன் கதை அகதிகளைப் பற்றியது. ரோமியுலன்களின் சூரியன் வெடிக்கப்போகிறது. கோடிக்கணக்கானோரை வெளியேற்றுவதற்கு, தான் நேசித்த கப்பலை விட்டு பிக்கார்ட் முன்வருகிறார். 2385 ஆம் ஆண்டு செவ்வாயில் உள்ள கப்பல்தளங்களை இயந்திர மனிதர்கள் தாக்கி அழித்ததும், கோள்களின் கூட்டமைப்பு அஞ்சிப்போய் மீட்புப் பணியைக் கைவிடுகிறது. அதை எதிர்த்து பிக்கார்ட் பதவி விலகுகிறார். 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோன கரையில் நின்றவர்கள் நாங்கள். 2007 இல் போரினால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிழக்கே எழுவான்கரைக்கு ஓடிவந்தபோது, அவர்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில் பெயர்ப் பதிவுக்கு உதவியவன் நான். "மாட்டையெல்லாம் அவிழ்த்து விட்டுட்டு வந்தன் தம்பி, அதுகள் எங்க போய் நிக்குதுகளோ" என்று தன் பெயரைக் கேட்கும் முன்னரே சொன்ன முதியவரை இன்றும் நினைக்கிறேன். மறுக்கப்பட்டவர்களின் கதையை நாங்கள் நேசித்த கப்டனே சொல்லப்போகிறார் என்றால், எங்களைவிட ஆவலாய்க் காத்திருந்தவர்கள் யார்?

நீங்கள் அதை எப்படிச் சொன்னீர்கள் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நான்காவது பகுதியில், தான் குடியேற்றிய அகதிகள் வாழும் வஷ்டி என்ற கோளுக்கு பிக்கார்ட் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிப் போகிறார். ரோமியுலன்களுக்கு மட்டும் என்று எழுதிய பலகையை அகற்றிவிட்டு உணவகத்துக்குள் நுழைகிறார். முன்னாள் செனட்டர் ஒருவர், வாக்குத் தந்து கைவிட்டவர் நீங்கள் என்று அவரைக் குற்றஞ்சாட்டுகிறார். அந்த மனிதர் சொன்னது நியாயம். பருவம் முழுவதிலும் கைவிடப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பேசிய மிகச் சில குரல்களில் ஒன்று அது. அவருக்குக் கிடைத்த பதில் என்ன? வஷ்டியில் வாளேந்திய துறவிகளிடம் வளர்ந்து, பிக்கார்டுக்குத் துணையாக வந்த இளைஞனின் வாள் அவர் தலையைத் துண்டிக்கிறது. பிக்கார்ட் வருந்துகிறார், இளைஞனைக் கண்டிக்கிறார், ஆனால் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. அந்தப் பருவத்தில் நாங்கள் வஷ்டியை மறுபடி காணவில்லை. அந்த மக்கள் எதை உண்கிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்ற எதுவும் கதைக்குத் தேவைப்படவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. செவ்வாய்த் தாக்குதல் ரோமியுலன்களிலேயே ஓர் இரகசியக் குழுவின் சதி என்றும், அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரே கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் உயர்பதவியில் இருந்தார் என்றும் கதை பிற்பாடு வெளிப்படுத்துகிறது. இதனால் கூட்டமைப்பின் குற்றம் பாதிக்கு மேல் கழுவப்பட்டுவிடுகிறது. ஓர் அரசு அகதிகளைத் திருப்பியனுப்புவதற்குச் சதிகாரர் எவரும் தேவையில்லை என்பதை, வரிசையில் நின்று பழகிய எவரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல மனிதர்கள், சுத்தமான மேசைகளில் இருந்து, வரவுசெலவையும் மக்களின் அச்சத்தையும் காரணம் காட்டி மறுப்பார்கள். அந்த நல்ல மனிதர்களைத்தான் பிக்கார்ட் எதிர்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டு பகுதிகளில் அதற்கான தொடக்கம் அருமையாக இருந்தது. பிறகு அது ஒற்றர்களைத் துரத்தும் கதையாகக் கரைந்துபோனது.

ஐந்தாவது பகுதியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2020 மார்ச் மாதம், ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நாட்களில், பதின்மூன்று வயதான என் மகளுடன் இந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு முன்பே 'வொயேஜர்' தொடரை முழுவதும் பார்த்திருந்தாள். அதில், உயிர்களைப் பாதி இயந்திரமாக்கும் 'போர்க்' (Borg) கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டு வளரும் இச்செப் என்ற சிறுவனை அவளுக்கு மிகவும் பிடிக்கும். தன்னைப் போலவே மீட்கப்பட்டவரான செவன் ஒவ் நைன் சாகும் நிலையில் இருந்தபோது, தன் மூளையில் இருந்த உயிர்க்கருவியையே எடுத்துக் கொடுத்து அவரைக் காப்பாற்றியவன் அவன். உங்கள் ஐந்தாவது பகுதி, வளர்ந்துவிட்ட அந்த இச்செப்பை மயக்கமருந்து கொடுக்காமல் கட்டிலில் கட்டிவைத்து, அவன் கண்ணைப் பிடுங்கும் காட்சியுடன் தொடங்குகிறது. வதைப்பவர், அவன் முன்பு தானமாகக் கொடுத்த அதே கருவியை அவன் தலைக்குள் தேடுகிறார். நடிகர் வேறொருவர் என்பதால் என் மகளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயர் சொல்லப்பட்டதும் என்னைப் பார்த்து, "அப்பா, இது அந்தப் பொடியன்தானே?" என்று கேட்டாள். நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன். மிச்சப் பகுதிகளை அவள் உறங்கிய பிறகு தனியாகவே பார்த்தேன்.

அந்த வதை எதற்காக? செவன் பழிவாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக. அவர் பழிவாங்குகிறார், போய்விடுகிறார். அதே பகுதியில், படுக்கையில் கிடக்கும் புரூஸ் மடொக்ஸை, பிக்கார்டின் பயணத்தில் சேர்ந்திருக்கும் விஞ்ஞானி அக்னஸ் ஜுராட்டி கொல்கிறார். 1989 இல், பிக்கார்டின் கப்பலில் அதிகாரியாக இருந்த இயந்திர மனிதர் டேட்டாவைப் பிரித்துப் பார்க்க வந்து, வழக்கில் தோற்ற பின் டேட்டாவை ஒரு மனிதராக விளிக்கக் கற்றுக்கொண்ட விஞ்ஞானி இந்த மடொக்ஸ். கொன்றவர் சரணடையப் போவதாகச் சொல்கிறார். ஆனால் பருவம் முடியும்போது எல்லோருடனும் அதே கப்பலில் மகிழ்ச்சியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறார். 1992 இல் பிக்கார்ட் ஓர் ஆயுதமாகப் பயன்படுத்த மறுத்த 'போர்க்' இளைஞன் ஹியூவும் அடுத்து வரும் பகுதி ஒன்றில் ஒரு கத்திவீச்சில் சாகிறார். ஓர் ஆளின் மரணத்துக்கு எவரும் பதில் சொல்லத் தேவையில்லாத உலகம் எப்படி இருக்கும் என்று எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைக் கையில் ஏந்தி இருக்கும் தாய்மார் இன்னும் அந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையே விண்வெளியிலும் காட்டி, இதுதான் முதிர்ந்த கதைசொல்லல் என்று நீங்கள் கருதும்போது மனம் வலிக்கிறது.

இதற்குப் பின்னர் நீங்கள் தந்தவற்றை நன்றியுடனே ஏற்றுக்கொண்டேன். 2023 இல் வந்த மூன்றாவது பருவத்தில் பழைய குழுவினர் எல்லோரும் ஒரே தளத்தில் நின்றபோது கண் கலங்கியது. 2022 முதல் வரும் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' பார்ப்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பழைய முகங்களும் வெளிச்சமான காட்சிகளும் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை என்று நீங்கள் முடிவுசெய்திருந்தால், அது தவறான முடிவு. உங்கள் மூலவரான ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பின்னர் பொலிஸ் அதிகாரியாகவும் இருந்தவர். முதல் தொடரில் கப்பலைச் செலுத்தும் சுலுவாக நடித்த ஜோர்ஜ் டகேய், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே தன் சொந்த நாட்டில் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்ட குழந்தை. 1966 இல் அந்தத் தளத்தில் கூடியவர்கள் உலகம் அறியாதவர்களாக இருக்கவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த பிள்ளை, கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் ஒரு நாளைத் தெரிந்தே எழுதினார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்து எந்தத் தொடரை எடுத்தாலும், அதில் இருள் எவ்வளவு இருந்தாலும், அந்த மேசையை மீண்டும் போடுங்கள். ஒருவர் கொலை செய்தால், அதற்கு முகங்கொடுக்கும் ஒரு காட்சியையாவது அவருக்கு எழுதுங்கள். முடிந்தால் வஷ்டிக்குத் திரும்பிப் போங்கள். அங்கே வாளேந்திய துறவிகளைத் தவிர, பதிவுப் புத்தகத்துடன் ஒருவர் இருப்பார், பிறந்த கோளின் வானத்தைக் காணாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை ஒருவர் இருப்பார், செனட்டரின் மனைவியோ பிள்ளைகளோ இருக்கக்கூடும். பிக்கார்டின் வாக்கை நிறைவேற்றக் கூட்டமைப்பிலிருந்து யாராவது ஒருவர் அங்கே போய் இறங்கட்டும். அவர்கள் அவரை என்ன கேட்பார்கள் என்பதை எழுதுங்கள்.

என் மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். அன்றிரவு நிறுத்திய இடத்திலிருந்து அவள் அந்தத் தொடரை இன்னும் பார்க்கவில்லை. வஷ்டியின் கதையை நீங்கள் எழுதினால், முதல் நாளே அவளுடன் இருந்து பார்ப்பேன்.

மிக்க மரியாதையுடன்,
கல்லடியிலிருந்து உங்கள் நெடுநாள் பார்வையாளன்