பெரியவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பனில் கருவாடு வியாபாரம் செய்கிறேன், வயது 46. எட்டாவதோடு நின்ற படிப்பை, போன வருஷம் மாலை நேர ஆங்கில வகுப்பில் மறுபடி தொடங்கினேன். சென்ற மாதம் தேர்வு வைத்தார்கள்.

'கரண்ட்' என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்து, பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கடல் நீரோட்டம் என்று குறித்தேன். மின்சாரம்தான் சரி என்று சுழித்துவிட்டார்கள். இரண்டுமே அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்தானே! ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

அப்புறம் வாசிப்புப் பகுதி. பனிச்சறுக்கு பற்றி ஒரு பக்கம். கேள்வியில் இருந்த சொல் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினேன். முழு மதிப்பெண்! ஆனால் பாதிகூடப் புரியவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும்.

வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வருகிறது. காற்று வேகம், எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது, எத்தனை நாள் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் கொடுத்து, 'நாளைக்கு மன்னார் வளைகுடாவில் படகு இறக்கலாமா?' என்று கேளுங்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் அடுத்த தேர்வுக்குள் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
பாம்பன்