நிதானமாகத்தான் ஓட்டினேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தங்கள் இதழின் குளிர்காலப் பக்கத்தில், "நிதானமாக ஓட்டுபவரைப் பனி ஒன்றும் செய்வதில்லை, விபத்தில் மாட்டுபவர் பெரும்பாலும் அவசரக்காரரே" என்று ஒரு வரி வந்திருந்தது. பதினொரு வருடங்களாகத் தங்கள் பத்திரிகையை மரக்கறிப் பையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, முதற்பக்கம் முதல் மரண அறிவித்தல் வரை வாசித்துவருபவள் நான். அந்த வரியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கடந்த ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு கனடாவின் ரொறொன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவிலிருந்து, கிழக்கேயுள்ள ஏஜாக்ஸ் நகரின் முதியோர் இல்லமொன்றுக்கு வேலைக்குப் புறப்பட்டேன். முதல்நாள் மாலை மழை பெய்து, நள்ளிரவுக்குப் பின் குளிர் கடுமையாக இறங்கியிருந்தது. வாசலில் உப்புத் தூவி, கார்க் கண்ணாடியைச் சுரண்டி, வழமையைவிட அரை மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டேன். 401 ஆம் நெடுஞ்சாலையில், நூறு கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில், அறுபதில் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ரூஜ் ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ரயர்களின் இரைச்சல் சட்டென்று நின்றுபோனது. தெரு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. ஆனால் முன்னால் போன லொறியின் சில்லுகளிலிருந்து ஒரு துளி தண்ணீரும் தெறிக்கவில்லை. தண்ணீர் தெறிக்காத ஈரம் ஈரமல்ல, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி என்பதை அன்றைக்கு எனக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

காரின் பின்பக்கம் தானாக ஒதுங்கத் தொடங்கியது. பிறேக்கை மிதித்தேன். மிதி காலின் கீழே கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். அந்த அதிர்வு, சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பொறி வேலை செய்வதன் அறிகுறி என்றும், காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்ரியறிங்கைத் திருப்பியிருக்கவேண்டும் என்றும் பிற்பாடுதான் அறிந்தேன். கார் மூன்று பாதைகளையும் குறுக்கறுத்துச் சுழன்று, நடுவிலுள்ள கொங்கிறீற் மதிலில் மோதி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. எதிரே இரண்டு பெரிய லொறிகளின் விளக்குகள். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஹோர்னை விடாமல் அழுத்தியபடி என்னைக் கடந்துபோன நேரத்தில் என் பிள்ளைகள் இருவருடைய பெயர்களைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில் வரவில்லை. மதிய உணவுக்கு வைத்திருந்த சொதிப் போத்தல் உடைந்து முன்கண்ணாடியின் உட்புறமெங்கும் தெறித்திருந்தது. வாகனத்தை இழுத்துச் செல்பவர்கள் வந்து சேர்வதற்குள் அந்த மஞ்சள் சொதி கண்ணாடியிலேயே உறைந்துவிட்டது. ஸ்ரியறிங்கிலிருந்து என் விரல்களை ஒரு பொலிஸ்காரப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது.

அன்று மாலை முதல் நான் கேட்டதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "மெல்லமாய்ப் போயிருக்கலாமே." வேலையிடத்தில் மேற்பார்வையாளர் சொன்னார். என் உடன்பிறந்த அண்ணர் சொன்னார். கோயிலில் கண்டவர்கள் சொன்னார்கள். இப்போது தாங்களும் அதையே அச்சிலே சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பாலங்கள் முதலில் உறைவது ஏன் என்பது தாங்கள் அறியாததல்ல. மற்றத் தெருவுக்குக் கீழே நிலத்தின் சூடு கொஞ்சமாவது இருக்கும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்று. குளிர் மைனஸ் 12 பாகையைத் தாண்டினால் தெருவில் கொட்டும் உப்பின் வலிமையும் குறைந்துபோகிறது. இவையெல்லாம் ஓட்டுபவரின் நிதானத்தில் தங்கியிருப்பவை அல்ல. உப்பு லொறி எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் அப்படித்தான். ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2015 இல் வெளியிட்ட விசேட அறிக்கையில், பனிப்புயலுக்குப் பின் நெடுஞ்சாலைகளில் வெறும் தார் தெரிவதற்கு 2009-10 குளிர்காலத்தில் சராசரியாக 2.1 மணித்தியாலம் எடுத்ததென்றும், தெருப் பராமரிப்பின் புதிய ஒப்பந்த முறையின் கீழ் 2013-14 இல் அது 4.7 மணித்தியாலமாக நீண்டதென்றும் எழுதியிருந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் என்னவென்று குளிர்காலப் பக்கத்தில் ஒருவராவது எழுதியிருக்கவேண்டும். 2014 பெப்ரவரி 27 அன்று பரி நகருக்கு அருகே 400 ஆம் நெடுஞ்சாலையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்த படத்தை அப்போது எல்லோரும் பார்த்தோம். அத்தனை பேரும் அவசரக்காரர்களா?

நான் வாகனம் ஓட்டப் பழகியது ஜூலை மாதத்தில். ஜி2 என்ற இரண்டாம் நிலைச் சாரதி அனுமதிப்பத்திரச் சோதனையில் சித்தியடைந்தது ஓகஸ்ற்றில். பழக்கியவர் இரு கார்களுக்கு நடுவே நிறுத்தும் வித்தையைப் பத்து வகுப்புகள் சொல்லித் தந்தார். பனியில் வழுக்கினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கவில்லை. சோதனையிலும் எவரும் கேட்கவில்லை. கார் வாங்கியபோது அதிலிருந்தவை "ஓல் சீசன்" ரயர்கள். எல்லாப் பருவத்துக்கும் என்ற அந்தப் பெயரை நான் நம்பினேன். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனவுடன் அந்த ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும் என்பதும், மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளத்தைப் பார்த்தே வின்ரர் ரயர் வாங்கவேண்டும் என்பதும், திருத்தகத்தில் கார் கிடந்த நாட்களில் நான் தேடிப் படித்தவை. கியூபெக்கில் 2008 முதல் அது சட்டம். இங்கே அவரவர் விருப்பம். நாலு ரயரும் ஆயிரம் டொலரைத் தாண்டும்போது, மணித்தியாலச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது விருப்பமாக இருப்பதில்லை. வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுக்கவேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் இந்த மாகாணத்தில் இருக்கிறது. என் காப்புறுதி முகவர் நம்மவர்தான். ஒவ்வொரு வருடமும் நாட்காட்டி தந்தாரே தவிர, இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நல்ல ரயர் இருந்திருந்தாலும் அந்தப் பாலத்துப் பனியில் நான் வழுக்கியிருக்கக்கூடும் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் மதில் வரை போயிருப்பேனா என்பதை நினைக்காத நாளில்லை.

வேலையிடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பனி நாளில் பத்து நிமிடம் பிந்தினாலும் அது பிந்தியதாகவே பதியப்படுகிறது. மூன்று முறை பதிந்தால் கடிதம் வரும். காலை ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து தூக்கி இருத்தவேண்டிய வயோதிபர்களுக்கு, தெரு உறைந்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். விடிய முன்னர் அந்தத் தெருவில் நம் சனங்கள் எத்தனை பேர், தாதியராக, தொழிற்சாலைத் தொழிலாளராக, கோப்பி கடைக்காரராக ஓடுகிறார்கள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எவரும் வேகத்தில் ஆசைப்பட்டு அந்த நேரத்தில் வெளிக்கிடுவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னரும் இந்த விடியற்கால வேலைப் பயணங்களைப் பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். அது பிரசுரமாகவில்லை. இடமில்லாமற் போயிருக்கும் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே, நவம்பர் முதல் மார்ச் வரை, தெரு நிலைமையைப் புறப்படுவதற்கு முன் கேட்டறியக்கூடிய 511 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒரு சிறிய பெட்டியில் போடுங்கள். இராசிபலனுக்குப் பக்கத்தில் என்றாலும் சரி. அந்தப் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஸ்காபரோ